மேல்மாடி அன்ரி சொன்ன அர்த்தம்

அப்பா என்னை முதன்முதலில் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது எனக்கு எட்டு வயது. அதுவரை நான் புடாக். மலாய்ச் சொல். சின்னப்பிள்ளை என்று அர்த்தம். நான் பிறந்தது மலேசியாவில். பிறகு ஆஸ்திரேலியாவில் செவன் ஹில்ஸுக்கு வந்தோம். அந்தச் சொல்லும் கூடவே வந்தது.

மேல்மாடியில் ஓர் இந்தோனேசிய அன்ரி இருந்தார். அம்மா வேலையால் வரும்வரை என்னைப் பார்த்துக்கொள்வார். இறால் அப்பளம் பொரித்துத் தருவார். நல்ல மனுஷி.

ஒருநாள் அப்பா கூட்டிப்போக வந்தார். வாசலில் நின்று, "புடாக், வா போவம்" என்றார். அன்ரி சிரித்தபடி மலாயில் கேட்டார். எனக்கும் விளங்கியது. எங்கள் நாட்டில் அது அடிமை என்று அர்த்தம், பெற்ற பிள்ளையை அப்படிக் கூப்பிடலாமா என்றார். மலேசியாவில் அப்படி இல்லை என்று அப்பா சொல்லியிருக்கலாம். என் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

அன்று இரவு சாப்பிட முழுப்பெயரில் கூப்பிட்டார். கிளினிக்கில் கூப்பிடுவது போல இருந்தது. நான் அசையவில்லை.

"புடாக் எண்டு கூப்பிட்டால்தான் வருவன்."

"நீ வராட்டி நான் வாறன்" என்று சோற்றுக் கோப்பையோடு வந்து பக்கத்தில் இருந்தார். அந்தச் சொல் மட்டும் வரவில்லை. அம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் அன்ரி தந்த அப்பளத்தை அவர் முன்னாலேயே கொட்டினேன். "நீங்கள்தான் என்ர பேரைப் பறிச்சனீங்கள்" என்று தமிழில் கத்தினேன். அவருக்கு விளங்கவில்லை. தும்புத்தடியை எடுத்துக் கூட்டினார்.

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம்தான் சித்தப்பா சொன்னார். மலேசியாவில் அவரும் அப்பாவும் ஒரே சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவியவர்கள். முதலாளி அப்பாவைவிட இளையவன். ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டானாம். மீசை வைத்த மனிதனை ஆட்களுக்கு முன்னால் புடாக் என்பானாம். விசா இல்லாத ஆள் என்ன வாய் திறப்பது?

"நீ பிறந்த அண்டைக்குத்தான் கொப்பர் அந்தச் சொல்லைச் சிரிச்சுக்கொண்டு சொன்னவர்" என்றார் சித்தப்பா.

எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. அந்த முதலாளியின் முகம்கூட எனக்குத் தெரியாது. அன்று அப்பளத்தைக் கொட்டினேன். அன்ரி சொன்ன அர்த்தம் அப்பாவுக்குப் புதிது என்று நினைத்திருந்தேன்.