திருப்பிப் போட்ட பை

கடைகளில் பிளாஸ்டிக் பை கொடுப்பதை நிறுத்தி வருடங்கள் ஆகிவிட்டன. என் கைகளுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. அவை வெறுமனேதான் வீட்டைவிட்டுக் கிளம்புகின்றன. தக்காளியை ஹெல்மெட்டில் போட்டுக்கொண்டு, தலையை வெயிலுக்கும் போலீசுக்கும் காட்டியபடி பேகம்பூர் வழியாக வண்டி ஓட்டியிருக்கிறேன். கறிவேப்பிலையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய், அலுவலகத்தில் நாள் முழுக்க ரசம் மாதிரி மணந்திருக்கிறேன். ஒருமுறை முட்டை வாங்கினேன். அதைப் பற்றி வேண்டாம்.

வீட்டில் பைக்குப் பஞ்சமில்லை. கல்யாண வீடுகளில் தேங்காயும் வெற்றிலை பாக்கும் போட்டுக் கொடுக்கும் மஞ்சள் பைகள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்குகின்றன. ஊரில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று தெரிந்துகொள்ள அந்த ஆணியைவிட நல்ல ஆவணம் கிடையாது. மனைவி அவற்றை ஒரு வரிசையில்தான் மாட்டுவாள். அதற்கு ஏதாவது காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. "வெஞ்சனத்துக்கு ஒரு காயும் இல்ல. போறது போறீங்க, பையோட போங்க. போன வாரம் மாதிரி வெண்டைக்காயப் பச்சப்புள்ளயாட்டம் ஏந்திக்கிட்டு வராதீங்க" என்றாள். ரோஷம் வந்துவிட்டது. மேலே இருந்த பைகளில் எண்ணெய்ப் பிசுக்கு. அடியில் புத்தம் புதிதாக ஒன்று தெரிந்தது. உருவிக்கொண்டு கிளம்பினேன்.

காய்கறிக் கடையில் பையை விரித்து நீட்டினேன். கடைக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார் பை கொண்டாந்திருக்காரு. இன்னைக்கு மழை உண்டு."

கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு பெருமையாகத் திரும்பினால், பக்கத்தில் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை; என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்து, எனக்கு முன்னால் ஓய்வுபெற்றவர். தோள் துண்டை விரித்து அதில் வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்தார். பத்து மாதமாக அவரை நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பது நாகரிகத்துக்காகச் சொல்வது. அவர் வண்டி தெருமுனையில் தெரிந்தால் நான் அடுத்த தெருவில் திரும்பிவிடுவேன். அவர் மகளின் கல்யாணம் ஒரு வருடம்கூட நிலைக்காமல் முறிந்து, பாப்பா என்று நாங்கள் கூப்பிடும் அந்தப் பெண் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டாள். என்ன கேட்பது என்று தெரியாமல் ஒன்றுமே கேட்காமல் இருந்துவிட்டேன்.

அவர் பார்வை என் பையில் நின்றது. நானும் குனிந்து பார்த்தேன். இரண்டு கிளிகள். கீழே அவர் மகள் பெயர். பக்கத்தில் அந்தப் பையன் பெயர். தாடிக்கொம்பு ரோட்டுக் கல்யாண மண்டபம்.

அந்த மண்டப வாசலில் நின்று போகிறவர்களுக்கெல்லாம் இந்தப் பையை நீட்டியது நான்தான். மீந்ததில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நான்தான். மனைவி அதை ஏன் அடியில் மாட்டினாள் என்பது இப்போது விளங்கியது. பையை மெதுவாகத் தொடைப் பக்கம் திருப்பினேன். அந்தப் பக்கமும் கிளி. இரண்டு பக்கமும் அச்சடிக்கலாம் என்று அப்போது யோசனை சொன்னவன் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"மறைக்காதப்பு" என்றார். "நல்ல துணி. சின்னாளபட்டில நானே போயி நின்னு எடுத்தது."

"கவனிக்கலண்ணே. அவசரத்துல..."

"வீட்ல இன்னும் ரெண்டு மூட்ட கெடக்கு. வெளிய எடுக்க ஒங்க மதினி விட மாட்டேங்கிறா, பாப்பா கண்ணுல பட்டுருமாம். அம்புட்டுப் பைய வச்சுக்கிட்டு இன்னொண்ணு வாங்கவும் மனசு வரல. அதான் துண்டு." தூக்கிக் காட்டினார். இரண்டு வெங்காயம் உருண்டு ஓடின.

எடுத்துக் கொடுத்துவிட்டு, பத்து மாதம் தாமதமாகக் கேட்டேன். "பாப்பா எப்படிண்ணே இருக்கு?"

"இருக்கு. சித்தப்பா ஏன் வாரதில்லன்னு ரெண்டு தடவ கேட்டுச்சு. நான் என்னத்தச் சொல்ல?"

காய்களைக் கடைச் சாக்கின் மேல் கொட்டினேன். பையை உள்பக்கம் வெளியே வரத் திருப்பினேன். தையலும் நூல் பிசிறும் வெளியே வந்தன. கிளிகள் உள்ளே போயின. என் காயையும் அவர் வெங்காயத்தையும் அதிலேயே அள்ளிப் போட்டுக்கொண்டு, "வண்டில ஏறுங்கண்ணே, வீட்டுக்கு வாரேன்" என்றேன்.

கதவைத் திறந்தது அவர் மகள்தான். இளைத்திருந்தாள். "வாங்க சித்தப்பா" என்றாள், நேற்றும் வந்துபோனவனிடம் சொல்வது மாதிரி. பையை என் கையிலிருந்து வாங்கித் தரையில் கவிழ்த்து, காய் வேறு வெங்காயம் வேறாகப் பிரித்தாள். வெங்காயச் சருகை உதறப் பைக்குள் கைவிட்டவள் நின்றாள். அண்ணன் காலண்டரைப் பார்த்தார். நான் முருங்கைக்காயைப் பார்த்தேன்.

அவள் பையைச் சரியாகத் திருப்பிப் படித்தாள். பிறகு மறுபடியும் உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, அப்பாவின் வண்டிச் சாவி தொங்கிய ஆணியில் மாட்டினாள்.

"இனி இதக் கொண்டு போங்கப்பா. துண்டு வீச்சம் தாங்கல."

காபி குடித்துவிட்டுக் கிளம்பினேன். அந்த ஆணியிலிருந்து பையைத் திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கத்தரிக்காய் ஹெல்மெட்டுக்குள் அடங்கிவிட்டது. முருங்கைக்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

வாசலில் மனைவி நின்றிருந்தாள். ஹெல்மெட்டைப் பார்த்தாள், கக்கத்தைப் பார்த்தாள்.

"பையோடதான போனீங்க?"

"ஆமா, பையோடதான் போனேன்" என்றேன்.