இலிசோனி கைக்கு வந்த திமிங்கிலப் பல்

இலிசோனிக்கு வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஈராக்கில் போனது. ராணுவத்தில் இருந்தபோது போயிருந்தால் கதை வேறு. ராணுவத்தை விட்டு விலகி, ஒரு கம்பெனிக்குக் கூலிக்குத் துப்பாக்கி தூக்கப் போன இடத்தில் போனது. எங்கள் தீவில், தைலேவுப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் இது சின்ன வித்தியாசம் இல்லை. கொடிக்குக் கீழே அமைதிப்படையில் போய்த் திரும்பியவனுக்கு மாலை உண்டு, பாட்டு உண்டு, கரி துடைப்பு உண்டு. கம்பெனிக்குப் போய் வந்தவனை, "வந்துட்டியா, உக்காரு" என்பதோடு சரி.

அந்தக் காலத்தில் சண்டைக்குப் போகிறவர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு போவார்கள். திரும்பி வந்தால் ஊர் கூடி ஒரு திமிங்கிலப் பல்லும், பாயும், துணியும், தேங்காயெண்ணெயும் கொடுக்கும். கரியைத் துடைத்துவிட்டு வீட்டு ஆளாக இரு என்று அர்த்தம். இப்போது கரி பூசுகிறவர் யாருமில்லை. பாயும் எண்ணெயும் மட்டும் குறைவில்லாமல் நடக்கின்றன.

ஊர்மேல் இலிசோனிக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் மேட்டில் ஏற அவனுக்குத் தோள் கொடுக்காத ஆள் இல்லை. மண்ணில் தோண்டிய குழியடுப்பைத் திறந்தால் சேப்பங்கிழங்கும் மீனும் முதலில் அவன் வீட்டுக்குத்தான் போகும். மச்சான் நெமனி வழியில் பார்க்கும்போதெல்லாம், "உன் வலது செருப்பு சும்மாதான கெடக்கு, எனக்குக் குடுத்திரு" என்பான். இலிசோனி கண்ணில் நீர் வரச் சிரிப்பான். பரிதாபப்பட்டுப் பேசுகிற வாய்களுக்கு நடுவில் பழையபடியே கேலி செய்ய ஒரு வாய் இருக்கிறதே என்று கடவுளுக்கு நன்றி சொல்வான்.

மனக்குறை அவன் மனைவி வசிதிக்குத்தான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் 'கூலிச் சண்டைக்காரன் பிள்ளை' என்று யாரோ சொல்லிவிட்டார்கள். சினாய் அமைதிப்படையிலிருந்து ஊர்ப் பையன்கள் ஐந்து பேர் திரும்பப்போகிறார்கள், பெரிய கரி துடைப்பு நடக்கப்போகிறது என்றதும், அவர்களோடு சேர்த்துத் தன் வீட்டுக்காரன் பெயரையும் ஒரு தடவை சொன்னால் என்ன என்று வீடு வீடாகப் போய்க் கேட்டாள். கூடாது என்றவர் அபிசாய். ஓய்வுபெற்ற சார்ஜென்ட், இலிசோனிக்குத் தாய்மாமன். அன்பில்லாத மனிதர் அல்ல. கால் போய் வந்தவனுக்கு ஊன்றுகோல் செதுக்கிக் கொடுத்ததே அவர்தான். ஆனால் கணக்கு வேறு, பாசம் வேறு என்பார். அமைதி காக்கப் போகிறவன் வேறு, எவன் காசு கொடுத்தாலும் அவன் வாசலில் நிற்கிறவன் வேறு, இரண்டு பேருக்கும் ஒரே பாயைப் போட்டால் அந்தப் பாய்க்கு என்ன மரியாதை என்று கேட்டார்.

"கொடிக்குக் கீழ போனாத்தான் காலு காலா, மாமா?" என்று கேட்டுவிட்டு வந்தாள் வசிதி.

இலிசோனி அவளை விட்டுவிடச் சொன்னான். அவள் கேட்கவில்லை. அவனுக்கு நன்றி கிடைக்காமல் போய்விடுமோ என்பது அவள் பயம். எங்கே கிடைத்துவிடுமோ என்பது அவன் பயம். ஏன் என்று அவளிடம்கூட அவன் சொன்னதில்லை.

விழா நாளில் கூடத்தில் பாய்கள் அடுக்கடுக்காக விரிந்திருந்தன. ஐந்து பையன்களும் மாலையோடு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இலிசோனி கதவோரம், யங்கோனா வேரை இடித்துச் சடங்குப் பானம் கலக்குகிறவர்களுக்குப் பக்கத்தில். ஊருக்காகப் பேச வேண்டிய நெமனியின் அண்ணன் தலைநகர் சுவாவில் ஆஸ்பத்திரியில் கிடந்ததால், தம்பி நெமனியை உட்கார வைத்திருந்தார்கள். கேலிக்கு நீளுகிற நாக்கு சடங்குக்கு நீளாது. வியர்த்து வழிந்தது அவனுக்கு. சினாய் என்று சொல்ல வேண்டிய இடத்தில், அப்பா காலத்து வாசகம்தான் வாயில் வந்தது. போரிலிருந்து உயிரோடு வந்த நம் பிள்ளைகள் அத்தனை பேருக்கும், அவர்களில் மூத்தவன் கையில் இந்தப் பல்லைக் கொடுக்கிறோம் என்று சொல்லி முடித்துவிட்டான்.

இன்னும் கரி துடைக்காதவர்களில் மூத்தவன் இலிசோனி. பல்லைக் கையில் பிடித்துச் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது. வாங்கினால் கொடுக்கிற ஊருக்கே அவமானம். பல்லைக் கீழே வைக்கவும் முடியாது. நெமனி இரண்டு கையிலும் அதை ஏந்திக்கொண்டு, திருடன் மாதிரி அபிசாயைப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வசிதியின் முகத்தில் மட்டும் விளக்கு ஏற்றினாற்போல் இருந்தது.

இலிசோனி பாயில் நகர்ந்து நகர்ந்து முன்னால் வந்தான். கையை நீட்டவில்லை.

"இத நான் வாங்க முடியாது. நெமனி தப்பா சொன்னான்கிறதுக்காக இல்ல. என்னை யாரும் ஏமாத்திக் கூட்டிட்டுப் போகல. வீட்டுக்குத் தகரம் போடணும், பிள்ளைங்க படிக்கணும், அதுக்குத்தான் போனேன். அங்க கேட்ல நிக்கும்போது ஒரு கார் நிக்காம வந்துச்சு. சுட்டேன். உள்ள ஒரு ஆளும் சின்னப் பொண்ணும் இருந்தாங்க. வேற ஒண்ணுமே இல்ல கார்ல. கம்பெனிக்காரங்க நீ செஞ்சது சரிதான்னாங்க. கால் போனது அப்புறம். இதுக்கு எனக்கு நன்றி சொல்லாதீங்க."

வசிதி வாயைப் பொத்திக்கொண்டாள். பையன்களில் ஒருவன் தன் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

அபிசாய் எழுந்து வந்து தங்கை மகனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நான் சொன்னத மாத்திக்கல. நீ காசுக்குத்தான் போன."

"ஆமா மாமா."

"உசுரு போற மாதிரி ஒரு தப்பு நடந்துட்டா, மன்னிப்புக் கேட்கப் போறவன் கையில என்ன இருக்கணும்?"

"பல்லு."

"உங்கிட்ட இருக்கா?"

"இல்ல."

"அப்ப வாங்கு. நன்றின்னு வாங்காத. அந்தப் புள்ளையோட சனம் என்னைக்காவது வந்து நின்னா, இல்ல நீ அங்க போக ஒரு வழி பொறந்தா, நம்ம ஊர்க்காரன் வெறுங்கையோட நிக்கக் கூடாது. அதுவரைக்கும் இது அவங்க சொத்து. உன் வீட்ல இருக்கட்டும்."

இலிசோனி இரண்டு கையையும் நீட்டினான். பல் கையில் இறங்கியதும் உடம்பு குலுங்கி அழுதான். சரிதான் என்று சொல்லக் கம்பெனி இருந்தது. பாவம் என்று சொல்லச் சொந்தம் இருந்தது. அந்தப் பெண் குழந்தைக்கு நீ கடன்பட்டவன், அந்தக் கடனைச் சுமக்க நாங்களும் ஒரு கை கொடுக்கிறோம் என்று அன்றுவரை யாரும் சொல்லவில்லை. அழுகைக்கு நடுவில், "நன்றி மாமா, நன்றி" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவர் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். சடங்கு முறைப்படி முடிந்ததா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. நெமனிக்கு மட்டும் அதற்குப் பிறகு பேசுகிற வேலையை யாரும் கொடுக்கவில்லை. அதற்காக அவனும் ஊருக்கு நன்றி சொன்னான்.

பிள்ளைகளை அப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வசிதிக்கு வேண்டியிருந்தது அந்த நன்றி அல்ல என்று அவளுக்கே புரிந்துபோயிற்று. பல்லுக்கு எண்ணெய் தடவி, அதைக் கோத்த கயிறு இற்றுப்போகாமல் பார்த்துக்கொள்வது அவள்தான்.

போன வருஷம் நெமனியின் மகனுக்குப் பெண் கேட்கப் போக நல்ல பல் ஒன்று தேவைப்பட்டது. எங்கும் கிடைக்காமல் மச்சான் வீட்டுக்கு வந்தான். ஆணியில் தொங்குவதைக் காட்டி, ஒரு வாரத்தில் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றான். இலிசோனி வாயைத் திறப்பதற்குள் அடுப்பங்கரையிலிருந்து வசிதி சொன்னாள்:

"அது எங்களோடது இல்லண்ணே. அவங்க வந்து கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா?"