முகம் கழுவாமல் போன நாள்

அம்மாவின் நெஞ்சு வீட்டில்தான் ஆட்டம் போடும். ஆஸ்பத்திரிக்குப் போனால் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். டாக்டர் குழாய் வைத்துக் கேட்பார், ஈசிஜி எடுத்துப் பார்ப்பார், எல்லாம் நார்மல் என்பார். டென்ஷன் ஆகக்கூடாது என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுப்பார். அதைப் போட்டால் அம்மா அடுப்படியிலேயே தூங்கி வழிவாள். நெஞ்சு மட்டும் தூங்காது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மழை பொய்த்துப்போன வருஷங்கள் அவை. நாங்கள் திண்டுக்கல்லில் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. அவருடைய அக்காவும் எங்களோடு இருந்தாள். நான் நாலாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

அது சொல்லிக்கொண்டு வராது. துணி காயப்போடும்போதோ, குழம்பு கூட்டும்போதோ அம்மா சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கழுத்தில் நரம்பு துடிப்பது எனக்கே தெரியும். “படக்குபடக்குனு அடிக்குதுடி, அப்பாவக் கூட்டியா” என்பாள். நான் ஓடுவேன். ஆரம்பத்தில் அப்பாவும் என்னோடு ஓடி வந்தார். போகப்போக நடந்துதான் வந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. எத்தனை தடவைதான் ஒரு மனிதன் ஓடுவான்.

அப்பா வந்து “கௌம்பு” என்றதும் அம்மா கிளம்ப ஆரம்பிப்பாள். கிளம்புவது என்றால் தள்ளாடிக்கொண்டே தொட்டியடிக்குப் போய், செம்பு செம்பாகத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக் கழுவி, பொட்டு வைத்து, பீரோவிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டுவது. அலங்கோலமாகப் போய் நின்றால் டாக்டர் மதிக்கமாட்டார், நர்ஸ் விரட்டுவாள் என்பது அவளுடைய தீர்மானம். உயிரே போனாலும் முகம் கழுவிவிட்டுத்தான் போகும் என்று அப்பா முணுமுணுப்பார். பெரும்பாலும் சேலை கட்டி முடிப்பதற்குள் படபடப்பு நின்றுவிடும். “இப்பச் செத்த தேவலைங்க” என்பாள். லீவு சொல்லிவிட்டு வந்தாயிற்றே என்று அப்பா எப்படியும் கூட்டிப்போவார். ஈசிஜி மறுபடியும் நார்மல் என்று சொல்லும்.

அத்தை சும்மா இருப்பாளா? “தண்ணி பட்டாப் போற நோக்காடு ஒரு நோக்காடா தம்பி? வேலைக்குப் பயந்து நடிக்கிறா” என்று அம்மாவின் காதுபடவே சொன்னாள். அப்பா அத்தையை அதட்டவில்லை. அதுதான் அம்மாவை அடித்துப்போட்டது. பள்ளிவாசலில் போய் ஓதி ஊதச் சொல்லி வந்தோம். அகரத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டோம். கடைசியில் அம்மா சொல்வதையே விட்டுவிட்டாள். அடித்துக்கொண்டால் அடித்துக்கொள்ளட்டும் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அந்தக் கோடையில் குழாயில் தண்ணீர் வந்து வாரக்கணக்காகியிருந்தது. லாரி வந்தால் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். அன்றைக்கு வீட்டில் குடிப்பதற்கு ஒரே ஒரு குடம்தான் இருந்தது. அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்த அம்மா அப்படியே சாய்ந்துவிட்டாள். உதடெல்லாம் வெளுத்துவிட்டது. இந்தத் தடவை அவள் கூப்பிடவில்லை, நானாகத்தான் ஓடிப்போய் அப்பாவைக் கூட்டி வந்தேன்.

அம்மா வழக்கம்போலச் செம்பை எடுத்தாள். அத்தை குடத்தின் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

“குடிக்கத்தேன் இருக்கு. நடிக்கப் போறவளுக்கு மூஞ்சி எதுக்குக் கழுவணும்?”

அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டாள். மிளகாய்க் கறையும் வேர்வையுமாக, சேலையின் கிழிசலை முந்தானையால் மறைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். வழியெல்லாம் தலையைத் தூக்கவேயில்லை.

நர்ஸ் ஒயர்களை மாட்டினாள். மெஷினிலிருந்து தாள் வர வர, டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

“இவ்வளவு நாளும் இப்படித்தான் அடிச்சுதாம்மா?”

“இப்புடித்தேன் சார்.”

“அப்பெல்லாம் என்ன செஞ்சுட்டு வருவீங்க?”

அம்மா கூச்சத்தோடு சொன்னாள். “மூஞ்சி கழுவிட்டு, சேலை மாத்திட்டு வருவேன் சார். இன்னைக்குத் தண்ணி இல்ல.”

டாக்டர் தாளை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி வரச் சொல்லி, பேசின் தண்ணீரில் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதில் முகத்தை முக்கச் சொன்னார். அம்மா முக்கி எடுத்தாள். தாளில் நெருக்கியடித்துக்கொண்டு ஓடிய கோடுகள் நின்று, விலகி, நிதானமாக வர ஆரம்பித்தன. இதற்கு இதுவும் ஒரு வைத்தியம்தான் என்றார் டாக்டர். ஆக, இத்தனை காலமும் வைத்தியத்தை வீட்டில் முடித்துவிட்டுத்தான் வைத்தியரிடம் போயிருக்கிறோம்.

நெஞ்சில் கரண்டு போகிற பாதையில் பிறவியிலேயே ஒரு குறுக்குவழி இருக்கிறது என்றும், மதுரையில் தொடை நரம்பு வழியாக ஒயர் விட்டு அதைச் சுட்டுவிடலாம் என்றும் அப்பாவிடம் விளக்கினார். அப்படித்தான் பிற்பாடு குணமானது. குடத்தை மூடியதால்தான் நோவு பிடிபட்டது என்று அத்தை சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் பொய் இல்லாததுதான் அம்மாவுக்கு எரிச்சல்.

வெளியே வந்ததும் அப்பா அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நெஞ்சில் நோய் என்றால் செத்துப்போய்விடுவார்கள் என்பதுதான் எனக்குத் தெரியும். அம்மா அழவில்லை. கிழிந்த சேலையோடு நடுரோட்டில் நின்று சிரித்தாள்.

“ஏண்டி அழுகுற? அம்மாவுக்கு நெசமாவே நோவுடி.”

நான் முதல் ரேங்க் வாங்கி வந்த அன்றைக்குக்கூட அவள் முகத்தில் அவ்வளவு பூரிப்பு இல்லை. காம்பவுண்டுக்குள் நுழைந்ததும் வீடு வீடாகப் போய் அதையே சொன்னாள். சொல்லச் சொல்லச் சிரித்தாள். நெஞ்சோடு சேர்த்து மூளையும் கெட்டுவிட்டதோ என்று பயந்து, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன்.