பல்லண்ணாத்த

என் அண்ணன் முகத்தை எத்தனை தடவை வரைந்திருப்பேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு சிறுவர் மாத இதழில் பதினோரு வருடம், மாதம் இரண்டு பக்கம், கட்டத்துக்குக் கட்டம் அவர்தான். அவர் இறந்த அன்று காலை, கண்ணீர் அஞ்சலி பேனரில் போடுவதற்காக அந்த முகத்தை ஒரே ஒரு தடவை உள்ளது உள்ளபடி வரைந்து தரச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை.

என் தொழில் படக்கதை எழுதுவது, நகைச்சுவைப் புத்தகங்களுக்குப் படம் போடுவது. சொந்தக்காரர்கள் ‘பொம்மை போடுற வேலை’ என்பார்கள். செங்கல்பட்டில் ஏரிப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறேன். அண்ணன் கடைசிவரை சதுரங்கப்பட்டினத்திலேயே இருந்தார். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். அண்ணன் பத்தாவதோடு படிப்பை விட்டு லாரியில் கிளீனராகப் போனதால்தான் நான் மேலே படித்தேன். வரைய எனக்குப் பேப்பர் கிடையாது. லாரி நிற்கிற கடைகளிலெல்லாம் போன வருஷத்து மாதக் காலண்டரைக் கேட்டு வாங்கிச் சுருட்டிக்கொண்டு வருவார்.

“இந்தா நைனா, பன்னண்டு மாசம் கீது. வரஞ்சிகினே இரு.”

அந்தத் தாள்களில் முருகனுக்கும் லட்சுமிக்கும் பின்பக்கத்தில்தான் நான் கழுதையும் குரங்கும் வரையக் கற்றுக்கொண்டேன்.

அண்ணனுக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். சிரித்தால் கண் மூடிக்கொள்ளும், வாய் முழுக்கத் திறக்கும், சத்தம் தெருமுனை வரை கேட்கும். பிற்பாடு அவர் அணுபுரம் குடியிருப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகிற வேன் டிரைவர் ஆனார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசலில் இறக்கும்போது, “எறங்கு கண்ணு, வூடு வந்துட்சி” என்பார். பிள்ளைகள் அவரிடம் ஒட்டிக்கொள்ளும். பெற்ற தகப்பனிடம் சொல்லாததை அவரிடம் சொல்லும்.

அப்போது நான் அனுப்புகிற கதையெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தது. ராஜா கதை, பேய்க் கதை, பேசும் பூனை, எதுவும் எடுபடவில்லை. ஒருநாள் அண்ணன் வேனில் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். ரியர்வியூ கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. பிள்ளைகள் ஏதோ சொல்ல, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கேலிச்சித்திரத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முகத்தில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள், அதைப் பெரிதாக்கு, மற்றதை விட்டுவிடு. நான் பல்லைப் பிடித்துக்கொண்டேன்.

அப்படிப் பிறந்தவர்தான் பல்லண்ணாத்த. வேன் தெருவுக்குள் திரும்புவதற்கு முன்னால் அவர் பல் திரும்பிவிடும். சோடா மூடியைப் பல்லால் திறப்பார். மழைக்குப் பிள்ளைகள் அந்தப் பல்லுக்கு அடியில் ஒதுங்கும். இதழ் ஆசிரியர் போனில் விழுந்து விழுந்து சிரித்தார். “பல்லை மட்டும் இன்னும் கொஞ்சம் இழுங்க சார்” என்றார். இழுத்தேன். மாதாமாதம் இழுத்தேன்.

முதல் இதழ் வந்ததும் அண்ணன் பத்துப் பிரதி வாங்கி பஸ் ஸ்டாண்டில் நின்று காட்டினார். “என் தம்பி நம்மள புக்குல போட்டுகிறான்பா!” அண்ணிதான் அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னா தம்பி, இவ்ளோ பெரிசா போட்டுட்ட?” என்றார்.

“காமெடிக்கு அண்ணி.”

அண்ணன் குறுக்கே புகுந்தார். “வுடுமே. அவனுக்குத் தெரியாததா?”

அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு வருடத்தில் அவருக்குச் சொந்தப் பெயர் போய்விட்டது. வேன் பிள்ளைகள் பல்லண்ணாத்த என்றன, பிறகு பிள்ளைகளின் பெற்றோர், பிறகு டீக்கடை, மீன் விற்க வருகிற அம்மா. லீவு நாட்களில் நான் மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகிற வழியில் உட்கார்ந்து, சுற்றுலா வருகிறவர்களை ஐந்து நிமிடத்தில் கேலியாக வரைந்து கொடுப்பேன். ஒரு சனிக்கிழமை அண்ணன் தன் வேன் பிள்ளைகளையும் ஒரு டீச்சரையும் அங்கே பிக்னிக்குக் கூட்டி வந்தார். என்னை யாரென்று தெரிந்ததும் ஒரே கூச்சல். டீச்சர் எங்கள் இருவரையும் சேர்த்து நிற்கவைத்து போட்டோ எடுத்தார். “பல்லு! பல்லு! பல்லு!” என்று பிள்ளைகள் கைதட்டின. அண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். துடைத்து முடித்தும் துண்டை எடுக்கவில்லை.

எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தது. அதைவிடக் கேவலம், துண்டால் வாய் மறைக்கிற அந்தப் பாவனையை அன்றைக்கே நோட்டில் கிறுக்கி வைத்துக்கொண்டேன். அடுத்த இதழுக்கு ஆகும் என்று.

அதற்குப் பிறகு அண்ணன் வீட்டிலும் கையை வாய்மேல் வைத்துக்கொண்டுதான் சிரித்தார். கொஞ்ச நாளில் அந்தச் சத்தமும் நின்றுபோனது. நான் நிறுத்தியிருக்கலாம். ‘வேறு ஆளைப் போடுகிறேன் சார்’ என்று ஒரு போன் போதும். செய்யவில்லை. என் கதைகளில் நிலைத்து நின்றது அது ஒன்றுதான், அதை விட்டால் நான் யார் என்று பயம். சுயநலம் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

பிறகு ஒருநாள் அண்ணன் மகள் போன் செய்தாள். அப்பா செங்கல்பட்டுக்கு வந்து முன்பல்லைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார் என்றாள். டாக்டர் இருந்த இடத்திலிருந்து என் வீடு இரண்டு தெரு தள்ளி. என்னைப் பார்க்க வரவில்லை. நான் பதறிப்போய்ப் பார்க்கப் போனேன். “ஆடிக்கினே இருந்துச்சி நைனா, எடுத்துட்டேன்” என்றார். பிறகு கட்டிய செட்டுப் பல், பச்சரிசி மாதிரி சின்னச் சின்னதாக, வரிசையாக, யாருடைய வாயோ போல இருந்தது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். “வூடு வந்துட்சி” என்பது காற்றாக வந்தது. அதையும் சொல்வதைக் குறைத்துக்கொண்டார்.

இதோடு விட்டிருந்தால் நான் மனுஷன். அந்த மாதம் ‘பல்லண்ணாத்தக்குப் பல் போச்சு’ என்று ஒரு கதை போட்டேன். பல்லைத் திருப்பிக் கொடு என்று பிள்ளைகள் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதின. அடுத்த இதழில் முளைக்க வைத்தேன், முன்னைவிடப் பெரிதாக. அண்ணனுக்காகக் கடிதம் எழுத யாரும் இல்லை. அந்த இதழையும் அவர் காசு கொடுத்து வாங்கியதாகப் பிற்பாடு அண்ணி சொன்னார்.

கொரோனாவில் இதழ் நின்றது. பல்லண்ணாத்தயும் நின்றார். எங்களுக்குள் சண்டை எதுவும் வந்ததில்லை. பொங்கலுக்குப் போவேன், சாப்பிடுவேன், வருவேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் பஸ்ஸில் ஏறுவேன். கேட்டால், ‘எதுக்குடா?’ என்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று கேட்காமலே திரும்புவேன்.

இந்த வருடம் பொங்கல் கழிந்த மறுவாரம், காலையில் வேனைத் துடைத்துவிட்டு உள்ளே ஏறியவர் ஸ்டீயரிங்கில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. செங்கல்பட்டிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் வாசலில் சாமியானா போட்டு, அண்ணனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். செட்டுப் பல்லைக் கழற்றியிருந்தார்கள். மேலுதடு உள்ளே போயிருந்தது.

பேனருக்குப் போட்டோ வேண்டும். அண்ணன் மகள் போனில் தேடிக்கொண்டே இருந்தாள். அவள் கல்யாணம், குழந்தைக்குக் காதுகுத்து, திருவிடந்தைக் கோயிலுக்குப் போனது. எல்லாவற்றிலும் அவர் கை வாயில் இருந்தது, இல்லையென்றால் துண்டு இருந்தது. அதற்கு முந்தைய ஆல்பம் ஒரு புயல் மழையில் நனைந்து ஒட்டிப்போயிருந்தது. மிச்சம் இருந்தது லைசென்ஸ் போட்டோ. வாயை இறுக மூடி, ஏதோ தப்பு செய்து பிடிபட்டவர் மாதிரி.

“இது வாணாம் சித்தப்பா. நீ வரஞ்சி குடு. அப்பா சிரிக்கிற மாதிரி. பழைய பல்லோட.”

அண்ணி சுவரிலிருந்த பழைய காலண்டரைக் கழற்றி ஒரு தாளைக் கிழித்துத் தரச் சொன்னார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. சாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வரைந்தேன். நெற்றி வந்தது, மூடிய கண் வந்தது. வாய்க்கு வந்ததும் கை தன்னால் ஓடியது. அண்ணன் மகள் பார்த்துவிட்டு, “இது புக்குல வர்றவரு சித்தப்பா” என்றாள். அழித்துவிட்டுச் சின்னதாகப் போட்டேன். அது யாரோ. மறுபடி அழித்தேன். தாள் நைந்துபோனது. எவ்வளவு பெரிது, எவ்வளவு தூக்கல் என்று எனக்கு நினைவில்லை. நான் வரைந்த பல்தான் கண்ணுக்குள் இருந்தது. கூடப் பிறந்தவர் பல் இல்லை.

அண்ணியிடம் போய் உட்கார்ந்தேன். “எவ்ளோ பெரிசு அண்ணி?” என்று கேட்டேன். கேட்கும்போதே அழுதுவிட்டேன்.

அண்ணி தன் சுண்டுவிரல் நகத்தை நீட்டினார். “இத்தினி கூட வெளிய இருக்காது தம்பி. ஆடவும் இல்ல. பிடுங்காதன்னு எவ்ளோ சொன்னேன். கண்ணாடிய எடுத்தாந்து மூஞ்சிக்கு நேரா புடிச்சி, ‘பாரு, அவ்ளோ பெரிசா இல்ல, பாரு’ன்னேன்.”

“அதுக்கு அண்ணன் என்ன சொன்னார்?”

“‘உனக்கு இன்னாமே தெரியும். எந்தம்பி வரையறவன். அவன் கண்ணுக்கு அப்டி தெரிஞ்சா அப்டித்தான் கீது’ன்னுட்டாரு.”

பேனரில் லைசென்ஸ் போட்டோதான் போனது.