உப்புமா சாப்பாடா, டிபனா?

போன வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் நான் உப்புமா கிண்டினேன்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அன்றைக்குப் பிறகு எது சாப்பாடு, எது டிபன், யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்... எல்லாமே எனக்குக் குழம்பிக் கிடக்கிறது. உங்களிடம் சொன்னாலாவது தெளிகிறதா, பார்க்கலாம்.

'வேலை நாளில் நாலு பேர் திடீரென்று வந்து நின்றால், ராத்திரிக்குச் சுலபமாக என்ன செய்து போடலாம்?' என்று, என் சமையல் குறிப்புகளைப் படிக்கும் வாசகிகள் நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கவலை இல்லை. கறியோ மீனோ, காலையிலேயே ஏற்பாடு நடந்துவிடும். வியாழக்கிழமை ராத்திரி அப்படியா? மத்தியானச் சோறு கொஞ்சம், ரசம் கொஞ்சம் என்று இருப்பதை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருப்போம். அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்.

எங்கள் வாசலில் கேட்டது பிள்ளை வீட்டாரின் செருப்பு!

கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன். என் நாத்தனார் கோமதிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் ஊர் வில்லியனூரிலேயே ஒரு நர்சரி ஸ்கூலில் டீச்சர். நல்ல பெண், வாய் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. கேசரித் தட்டைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ பேர் முன்னால் நின்றுவிட்டாள். ஒருவர் உயரம் போதாது என்றார். இன்னொருவர் வேலையை விட வேண்டும் என்றார். வேறு சிலர் ஒன்றுமே சொல்லாமல் பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டுப் போனார்கள்.

கடைசியாக வந்தவர்கள்தான் இந்தக் கரியமாணிக்கத்துக்காரர்கள். கரும்பு போடுகிற குடும்பம். பையனுக்குக் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தரகரோடு வந்தார்கள், பார்த்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள். கிளம்பும்போது பையன் ஒரு காரியம் செய்தார். காபி குடித்த டம்ளரை அங்கேயே வைக்காமல், எழுந்து சமையலறை வாசல் வரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று ராத்திரி கோமதி என்னிடம் சொன்னாள்: "அண்ணி, இந்த எடம் தெகஞ்சா தெகயட்டும். இல்லன்னா இனிமே தட்ட தூக்கிக்கினு எவன் எதிர்லயும் வந்து நிக்க மாட்டேன். அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

நான் அத்தையிடம் சொல்லவில்லை. பயம்தான்.

அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. "ரெண்டு பக்கமும் பேசிட்டு சொல்றேன்" என்று போன தரகர், மகள் பிரசவத்துக்கென்று திண்டிவனம் போய் அங்கேயே தங்கிவிட்டார். ஒரு மாதம் ஓடிவிட்டது. பிள்ளை வீட்டார் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம்? பிடிக்கவில்லை என்றுதானே? நாமாகப் போய்க் கேட்டால் பெண்ணைத் தள்ளிவிடப் பார்க்கிறோம் என்று ஆகிவிடாதா? அத்தை வாயை மூடிக்கொண்டிருந்தார். கோமதி ஸ்கூலுக்குப் போனாள், வந்தாள். சிரிப்பது மட்டும் குறைந்துவிட்டது.

இந்த நிலைமையில்தான் வியாழக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, வாசலில் நாலு பேர். பையனின் அப்பா, அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர். பையன் இல்லை.

"கோயிலுக்கு வந்தோம். அப்புடியே ஒரு எட்டு பாத்துட்டு போலாம்னு..." என்றார் பெரியவர்.

பூஜைக்கூடை இல்லை. நெற்றியில் விபூதி இல்லை. எந்தக் கோயிலுக்கு? நான் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் இரும்புக் கடையை ஆளிடம் விட்டுவிட்டு ஓடி வந்தார். எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பேசினார்கள். என்ன பேசினார்கள்? மழை பெய்யாதது. யூரியா கிடைக்காதது. கரும்பு வெட்ட ஆள் வராதது. தவளக்குப்பத்தில் பஸ் மாறுவதற்குள் உயிர் போவது. பேச வேண்டிய விஷயத்தைத் தவிர உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசினார்கள். ரேடியோவில் செய்தி முடிந்தது. காபி முடிந்தது. அவர்கள் எழுந்திருக்கவில்லை.

சமையலறையில் எங்கள் மாநாடு தொடங்கியது.

"சாப்புடற நேரமாயிடுச்சி. இன்னா அத்த பண்றது?"

"இன்னாடி பண்றது? சம்மந்தம் பேசி முடிக்காம அவங்க நம்ம வூட்டு சோத்துல கை நனைக்கக் கூடாது. நனைச்சா முடிஞ்சிதுன்னு அர்த்தம்."

"அப்ப சோறு போட வேணாமா?"

"சோத்து நேரத்துல வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்புவியா நீ? நாளைக்கு ஊரு இன்னா சொல்லும்?"

"அப்ப போடலாமா?"

"வோணாம்னு சொல்ல வந்திருந்தாங்கன்னா? நாம சோத்த போட்டு மேல வுழுந்து புடிக்கற மாதிரி ஆவாதா?"

போடக் கூடாது. போடாமலும் இருக்கக் கூடாது. ராத்திரிச் சாப்பாடாக இருக்க வேண்டும், ஆனால் சாப்பாடாக இருக்கக் கூடாது. வாசகிகளே, நீங்கள் கேட்கிற 'சுலபமான ராத்திரிச் சமையல்' இதுதானா?

இட்லி மாவு காலையோடு தீர்ந்திருந்தது. பூரிக்கு உருளைக்கிழங்கு இல்லை. வறுத்து டப்பாவில் போட்டு வைத்த ரவை இருந்தது. உப்புமா என்றேன். அத்தை யோசித்தார்.

"சாம்பாரா, சட்னியா?"

"பருப்பு வேகப் போடட்டுமா?"

"வோணாம். சாம்பார் ஊத்துனா சாப்பாடு மாதிரி ஆயிடும். சட்னி போதும். எல போடாத, அது விருந்து. தட்டுல குடு. கீழ உக்கார வெக்காத. நாக்காலியிலயே இருக்கட்டும்."

இத்தனை சட்டத்துக்கும் உட்பட்டு ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். ரவை கையில் இருந்தால் உப்புமா சுலபம்தான். கடுகு, கடலைப்பருப்பு, வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்து, தண்ணீர் கொதித்ததும் ரவையைக் கொட்டிக் கிளறி, தீயைக் குறைத்து மூடிவிட வேண்டும். முக்கியமான குறிப்பு ஒன்று இருக்கிறது. மூடிய பிறகு கதவோரம் போய் ஒட்டுக் கேட்கக் கூடாது.

நான் போனேன். பையனின் அம்மா மெதுவாகத் தன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பையன்கிட்ட போயி நாம இன்னான்னு சொல்றது..."

இன்னான்னு என்றால்? எதை? அடுத்த வார்த்தைக்காக நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். வார்த்தை வரவில்லை, தீய்ந்த வாசனைதான் வந்தது.

நல்லவேளை, மேல் பாதி தப்பித்தது. அதை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, தட்டுகளில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அடியில் பிடித்ததை அப்படியே மூடி வைத்தேன்.

தட்டைப் பார்த்ததும் அந்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முகம் விழுந்துவிட்டது. வாசனை தெரிந்துவிட்டதோ? பையனின் அம்மா இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டுவிட்டு, "போதும்மா" என்று தட்டைத் தள்ளினார். அக்கா தண்ணீரை மட்டும் குடித்தார். பெரியவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். என் வீட்டுக்காரர் மறுபடியும் யூரியாவை ஆரம்பித்தார்.

பெரியவர் தட்டைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வூட்ல சோறு இல்லியாம்மா?"

கதவுக்குப் பின்னால் அத்தையின் வளையல் சத்தம்கூட நின்றுவிட்டது. இந்த மனிதர் தெரிந்து கேட்கிறாரா? இல்லை, வெறும் பசியா? பசியில் ஒருவர் சோறு கேட்டதை வைத்து நாம் கல்யாணத்தை முடிவு செய்துவிட முடியுமா? இல்லை என்று சொல்வதா? சோறு கேட்ட மனிதரிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

நான் விழித்துக்கொண்டு நின்றபோது என்னைத் தாண்டிக்கொண்டு கோமதி போனாள். கையில் சோற்றுப் பானை.

"சோறு இருக்குது. மத்தியானம் வடிச்சது, தண்ணி ஊத்தியாச்சி. ஆனா எங்க வூட்ல கை நனைச்சா சரின்னு சொன்ன மாதிரி. எங்கம்மா அப்புடித்தான் நெனப்பாங்க, நானும் அப்புடித்தான் நெனப்பேன். தெரிஞ்சி கேக்கறீங்களா, தெரியாம கேக்கறீங்களா... மாமா?"

அந்த 'மாமா' அவள் வாயில் எப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. குரல் தெளிவாக இருந்தது. அவர் இல்லை என்று ஒரு சொல் சொன்னால் இந்தப் பெண் என்ன ஆவாள்?

"தெரிஞ்சிதாம்மா கேட்டேன்" என்றார் பெரியவர்.

அவ்வளவுதான், பையனின் அம்மா பிடித்துக்கொண்டார். "பின்ன இன்னாங்க? எங்க வூடு பாக்க வருவீங்க வருவீங்கன்னு ஒரு மாசமா வாசல பாத்துக்கினு இருக்கறோம். ஒருத்தரும் வரல. சரி, நாமளே போயி இன்னா ஏதுன்னு தெரிஞ்சிக்கலாம்னு வந்தா, சோத்து நேரத்துல உப்புமாவ நீட்டறீங்க! வோணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வராம, உப்புமாவ குடுத்து அனுப்பறீங்கன்னு நெனச்சிட்டோம்."

"நீங்கதானேம்மா மொதல்ல சொல்லி அனுப்பணும்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாங்க இன்னாத்த தம்பி சொல்றது? பொண்ண பாத்துட்டோம், புடிச்சிருக்குதுன்னு தரகருகிட்ட சொல்லிட்டோம். அடுத்தது நீங்க இல்ல வூடு பாக்க வரணும்?"

"தரகர் எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலியே!"

"எப்புடி சொல்வாரு? அவருதான் திண்டிவனத்துல பேரன தாலாட்டிக்கினு இருக்காரே!"

பெரியவர்தான் முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

யோசித்துப் பாருங்கள். அவர்கள் வரவில்லையே என்று நாங்கள் காத்திருக்கிறோம், நாங்கள் வரவில்லையே என்று அவர்கள் காத்திருக்கிறார்கள். அவசரப்படுத்தக் கூடாதே என்று நாங்கள் உப்புமா போடுகிறோம், அதைத் தட்டிக்கழிப்பதாக அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் மரியாதைதான் பார்த்தோம். பார்த்த மரியாதையில் ஒரு நல்ல சம்பந்தமே கை நழுவிப் போக இருந்தது. வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஆகாதா? கேட்டிருக்கலாம். யார் முதலில் கேட்பது என்பதுதானே குழப்பம்!

"இப்ப எல போடுடி!" என்று அத்தையின் குரல் கதவைத் தாண்டி வந்தது. தோட்டத்தில் இலை அறுத்து, எல்லாரையும் கீழே உட்காரவைத்து, தண்ணீர் ஊற்றிய சோற்றைப் பிழிந்து போட்டோம். மோர், நார்த்தங்காய் ஊறுகாய், வெங்காயம். வேறொன்றும் இல்லை. சம்பந்தம் முடிந்த சாப்பாடு பழைய சோறா என்று அத்தைக்கு ஒரே மனத்தாங்கல். "இதுதான் சம்மந்தி வோணும்" என்று பெரியவர் மறுபடி வாங்கினார். பானை காலி.

கை கழுவிய பிறகு அவர் மருமகனிடம் சொன்னார்: "போயி அவன இட்டுக்கினு வா."

"யாரை?" என்றேன்.

"பையனத்தாம்மா. தேரடியில நிக்கறான். 'ஒருவேள வோணாம்னு சொல்றதா இருந்தா, நான் எதிர்ல இருந்தா அந்தப் பொண்ணுக்குச் சங்கடமா இருக்கும், நீங்க போங்க'ன்னுட்டான்."

நான் கோமதியைப் பார்க்கவில்லை. சில நேரம் பார்க்காமல் இருப்பதுதான் நல்லது.

வந்தார். ஆபீஸிலிருந்து நேராக வந்த பசி முகத்திலேயே தெரிந்தது. சோறு இல்லை. வடிக்கலாம் என்றால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்கிறார்கள். வீட்டில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். நான் தடுப்பதற்குள் கோமதி அதைச் சுரண்டித் தட்டில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். அவர் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் இருக்குமா என்று கேட்டு வாங்கியும் சாப்பிட்டார். தட்டைக் கழுவி, சமையலறை வாசல் வரை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போகிறோம். எல்லாம் சுபம்தான். ஆனால் அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து கதவைச் சாத்தியதும் அத்தை ஆரம்பித்தார்.

"ஏண்டி, எல்லாரும் சோறு துன்னாங்க. மாப்ள துன்னலியே? உப்புமாதானே துன்னாரு? அது டிபன்னு நாமதானே சொன்னோம்? அப்ப அவரு இன்னும் சரின்னு சொல்லலன்னுதானே அர்த்தம்?"

எனக்குத் தலை சுற்றியது. கோமதிக்குச் சுற்றவில்லை.

"அந்த அடிப்புடிச்ச உப்புமாவ ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கித் துன்னாரும்மா. இதுக்கு மேல இன்னா சம்மதம் வோணும் ஒனக்கு?"

அத்தை காலண்டரை எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்கு நல்ல நேரம் பார்க்க உட்கார்ந்தார். அந்த உப்புமாவைக் கிண்டிய நான், அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்க்கப் போனேன்.