ஏழு நாள் மூடி வைத்த ஊறுகாய்

எங்கள் குடும்பத்துக்கு என்று போனில் ஒரு குழு இருக்கிறது. அதில் அரசியல் கிடையாது, காலை வணக்கப் பூக்கள் கிடையாது. இன்றைக்கு உங்கள் வீட்டு அடுப்பில் என்ன, தட்டில் என்ன, டம்ளரில் என்ன, அவ்வளவுதான். படம் பிடித்துப் போட வேண்டும், கேட்டால் செய்முறை சொல்ல வேண்டும். தொடங்கியவர் என் கணவரின் அக்கா. நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். கீழே, கடலோரத்துக் கிள்ளானில் இருக்கிறார். இந்த மலைத் தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர்தான், ஆனால் பதினெட்டு வயதில் கல்யாணமாகிக் கீழே இறங்கிவிட்டார். அதற்குப் பிறகு மேலே வந்தால் விருந்தாளிதான். எங்கள் அடுப்பைப் பற்ற வைக்கவேண்டிய அவசியம் அவருக்கு வந்ததே இல்லை.

அண்ணியின் படங்களைப் பார்த்தால் பசி வரும். நண்டுப் பிரட்டல், வாழை இலையில் எட்டு வகைக் கறி, ஓரத்தில் அப்பளம் கூட உடையாமல் நிற்கும். நான் போடுவது சாதாரணமாக இருக்கும். தோட்டத்து ஆலையில் தேயிலை கட்டும் பிரிவில் வேலை பார்க்கிறேன். வேலை விட்டு வந்து சமைத்துப் படம் எடுப்பதற்குள் பனி இறங்கி ஜன்னல் வெளுத்துவிடும். முட்டைக்கோஸ் பொரியல், சௌசௌ கொழுந்துக் கூட்டு, டம்ளரில் பால் தேத்தண்ணி. எல்லாவற்றிலும் ஆவி பறக்கும், முகம் தெரியாது. அண்ணி கட்டை விரல் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அந்தக் கட்டை விரல் எனக்குப் பிடிக்காது.

ஆனால் ஒரு விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது. ஸ்ட்ராபெரி ஊறுகாய்.

திரிங்காப் பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள், சுற்றுலாக்காரர்களுக்கு விற்க முடியாத பொடிப் பழங்களை ரிஜெக்ட் என்று கொடுத்துவிடுவார்கள். கோணல்மாணலாக, பாதி பச்சையாக, புளிப்பாக இருக்கும். ஊறுகாய்க்கு அதுதான் வேண்டும். உப்புப் போட்டு அரை நாள் வாட வைத்து, வறுத்த கடுகும் வெந்தயமும் பொடித்துப் போட்டு, மிளகாய்த்தூள், கொஞ்சம் வெல்லம், காய்ச்சி ஆறிய நல்லெண்ணெய். போத்தலில் அடைத்து இறுக்கி மூடி, அலமாரியில் ஏழு நாள். பிரிட்ஜ் வேண்டாம். நடுவில் திறந்து பார்க்கவே கூடாது. எட்டாம் நாள் மூடியைத் திருகினால் புஸ் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் ஊறுகாய் தயார்.

அதைப் படம் பிடித்துப் போட்ட அன்றுதான் முதல்முறையாக அண்ணி கட்டை விரலைத் தாண்டி வந்தார். குரல் செய்தி அனுப்பினார். "ஏம்மா, இது என்னா புதுசா இருக்கு? எப்படிச் செஞ்சே, சொல்லு லா!"

சொன்னேன். கடுகு எத்தனை கரண்டி, வெல்லம் எவ்வளவு, ஏழு நாள், பிரிட்ஜ் வேண்டாம், திறக்க வேண்டாம். ஒரு வரி விடவில்லை. எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. செய்முறை கேட்டால் முழுதாகச் சொல்ல வேண்டும். ஏதாவது ஒரு சாமானை மட்டும் நைசாக மறைத்துச் சொல்லுகிறவளைக் கைமறைப்புக்காரி என்பார்கள். கோள் சொல்லுகிறவளைக் கூட மன்னித்துவிடுவார்கள், கைமறைப்புக்காரியை மன்னிக்க மாட்டார்கள்.

அண்ணி என்ன செய்தார் என்றால், மகளின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் தட்டில் வைக்க அதே ஊறுகாயைப் பன்னிரண்டு போத்தல் போட்டுவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. இங்கிருந்து ஒரு கூடை பழம் கேட்டார், என் கணவர் லோரியில் கொண்டு போய்க் கொடுத்தார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நிச்சயதார்த்தத்துக்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. என் கணவர் மட்டும் போனார். மதியம் தேத்தண்ணி நேரத்தில் போனைத் திறந்தால் குழுவில் ஒரு வீடியோ. பட்டுத் துணி விரித்த மேசை, தட்டுகள், ரிப்பன் கட்டிய போத்தல்கள். மாப்பிள்ளையின் அப்பா, வெள்ளைச் சட்டை போட்டவர், ஒன்றை ஆசையாகக் கையில் எடுத்து மூடியைத் திருகுகிறார். டப். மூடி மேலே பறந்தது. அவர் சட்டையில் மார்பு முழுக்கச் சிவப்பு. யாரோ "ஐயோ ரத்தம்" என்று கத்துகிறார்கள். அந்தக் கூச்சலில் மேசை ஆட, இன்னும் இரண்டு போத்தல் தானாகவே வெடித்தன.

அதன் கீழே அண்ணியின் குரல் செய்தி. சத்தமே போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நீ சொன்னபடி ஒண்ணு விடாம செஞ்சேன். எந்தச் சாமான மறச்சே? சம்பந்தி முன்னால என்னை இப்படி நிறுத்தணும்னு உனக்கு எத்தன நாளா ஆசை?"

முப்பத்தாறு பேர் இருக்கிற குழு அது. எல்லாரும் கேட்டுவிட்டார்கள்.

நான் மறைக்கவில்லை என்று எழுதினேன். யாரோ சிரிக்கும் முகம் போட்டார்கள். இன்னொருத்தி, "வினிகர சொல்ல மறந்திருப்பாங்க அக்கா" என்று எனக்காக வக்காலத்து வாங்கினாள். அது அதைவிட மோசம். நான் வினிகர் போடுவதே இல்லை.

கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் நான் சமைப்பேன். அந்த வாரமே கரண்டி கரண்டியாக அளந்து மறுபடி போட்டேன். ஏழு நாள். எட்டாம் நாள் புஸ். அருமையாக இருந்தது. அடுத்த மாதம் திரும்பவும் போட்டேன், திரும்பவும் அருமை. என் அலமாரியில் நல்லபடியாக ஊறியது என்றால், குற்றம் சொல்லுகிறவர்களுக்கு அது சாட்சிதானே. அவள் வீட்டில் மட்டும் எப்படிச் சரியாக வருகிறது, கேளுங்கள் என்பார்கள். ஒரு போத்தலை என் கணவரிடம் கொடுத்து அனுப்பினேன். அண்ணி அதை வீட்டுக்குள்ளேயே சேர்க்கவில்லையாம். வாசலில் வாளிக்குள் வைத்து, மேலே பலகையைப் போட்டு மூடிவிட்டாராம். வெடித்தாலும் வெளியே வெடிக்கட்டும் என்று.

அதோடு நான் குழுவில் படம் போடுவதை நிறுத்திவிட்டேன். ரசம் வைத்தாலும் என்னோடு, தேத்தண்ணி குடித்தாலும் என்னோடு. மூன்று மாதம். எங்கே போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா வந்தது. பிறந்த ஊர்க் கோயில் ஆயிற்றே, அண்ணி வராமல் இருக்க முடியுமா? குடும்பத்தோடு இரண்டு காடி ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வீட்டில்தான் இறங்கினார். என்னிடம் "நல்லா இருக்கியா" என்று கேட்டார். நான் "இருக்கேன் அண்ணி" என்றேன். அத்தோடு பேச்சு முடிந்தது.

மாலையில் சேலையைச் செருகிக்கொண்டு என் சமையலறைக்கு வந்தார். கிள்ளானிலிருந்தே ஊற வைத்துக் கொண்டுவந்த உளுந்தும் அரிசியும் கையில் இருந்தன. "நாளைக்குக் கோயில்லேர்ந்து வந்ததும் பசியாற எல்லாருக்கும் நான் தோசை போடுறேன். நீ ஒண்ணும் தொட வேணாம்."

தொட வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியாமலா இருக்கும்?

"அண்ணி, இங்க குளுரு. மாவு சீக்கிரம் பொங்காது" என்றேன்.

"எனக்கே மாவரைக்கச் சொல்லித் தர்றியா?" என்றார்.

ஒருமுறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. நல்ல மனுஷி என்றால் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு நான் அவ்வளவு நல்ல மனுஷியாக இல்லை.

அவர் மாவை அரைத்துப் பானையில் ஊற்றி மேசையில் வைத்து, தட்டால் மூடிவிட்டுப் படுக்கப் போனார். என் மாவு எங்கே என்று அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. திருவிழாவுக்கு விருந்தாளி வருவார்கள் என்று முந்தின நாள் காலையிலேயே அரைத்து, கம்பளியில் சுற்றி, பிரிட்ஜுக்குப் பின்னால் வைத்திருந்தேன். பிரிட்ஜின் முதுகில் ஒரு சூடு வரும். எங்கள் லயத்தில் பிரிட்ஜ் வாங்கியதே பாதி அந்தச் சூட்டுக்காகத்தான். உள்ளே வைக்கிற சாமான் இந்தக் குளிருக்கு வெளியே இருந்தாலும் கெடாது.

காலையில் அண்ணி தட்டை எடுத்தார். நேற்று எந்த அளவில் விட்டாரோ அதே அளவில் மாவு அசையாமல் கிடந்தது. கலக்கிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். பச்சை மாவு வாசனை. உளுந்தைத் திட்டினார், உப்பைத் திட்டினார், எங்கள் குழாய்த் தண்ணீரையும் திட்டினார். ஒரு தோசை ஊற்றினார். அது கல்லில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. இரண்டாவதும் அப்படியே. கோயிலிலிருந்து பேச்சுச் சத்தம் மேடு ஏறி வந்துகொண்டிருந்தது. பதினைந்து பேர், பசியோடு.

அவர் மூன்றாவதையும் ஊற்றிச் சுரண்டிப் பார்த்தார். அதைப் பார்த்த பிறகு என் கோபத்தைப் பிடித்து வைக்க என்னால் முடியவில்லை. பிரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டுக் கம்பளி மூட்டையை இழுத்து மேசைமேல் வைத்தேன். அவிழ்த்தேன். மாவு நுரைத்துப் பொங்கி மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. கொஞ்சம் வழிந்து கம்பளியிலும் ஒட்டியிருந்தது.

அண்ணி கரண்டியை வைக்கவில்லை. "எப்ப அரச்சே?"

"முந்தா நாளு காலையில."

"முந்தா நாளா? ரெண்டு நாளா வெச்சே? எங்க வீட்டுல ரெண்டு நாளு வெச்சா மூடியத் தூக்கி எறிஞ்சிட்டு…"

அங்கேயே நிறுத்திவிட்டார். 

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அந்த நொடியில்தான் உறைத்தது. மாவுக்கு இங்கே இரண்டு நாள், அங்கே ஓர் இரவு. இது சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். ஆனால் மாவு புளிப்பதும் ஊறுகாய் ஊறுவதும் ஒரே வேலை என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த மலையில் பிறந்து, இந்த மலையிலேயே ஊறுகாய் போட்டு, ஏழு நாள் என்றால் உலகம் முழுக்க ஏழு நாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கிள்ளான் வெயிலில் இறுக்கி மூடிய போத்தலை ஏழு நாள் திறக்காதே என்று நானேதான் சொல்லியிருக்கிறேன். நான் எதையும் மறைக்கவில்லை. ஆனால் சொல்லவேண்டியது ஒன்று எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலமாரியைத் திரும்பிப் பார்த்தோம். அங்கே ஊறுகாய்ப் போத்தல் ஒன்று சாதுவாக உட்கார்ந்திருந்தது.

முதலில் சிரித்தது அண்ணிதான். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஐயோ, சம்பந்தி சட்ட…" என்று சொல்லிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது. மூன்று மாதச் சிரிப்பு. பசியோடு உள்ளே வந்தவர்கள், இரண்டு பெண்கள் காலி தோசைக்கல்லுக்கு முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பயந்துபோனார்கள்.

தோசையை நான் ஊற்றினேன், அண்ணி திருப்பினார். ஒவ்வொன்றும் பொன்னிறமாக, ஓரம் மொறுமொறு என்று எழுந்து வந்தது. எல்லாரும் சாப்பிட்ட பிறகு அவர் தட்டோடு உட்கார்ந்து, அந்தப் போத்தலைக் கேட்டார். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகினார். புஸ். மூன்று தோசைக்கு அரைப் போத்தல் ஊறுகாய் போனது.

பிறகு போனை எடுத்துக்கொண்டு, லைன் நன்றாகக் கிடைக்கும் என்று வாசல் மேட்டுக்குப் போய் நின்று, மொத்தக் குழுவுக்கும் பேசினார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். "எல்லாரும் கேளுங்க. ஊறுகா வெடிச்சதுல இவ மேல தப்பு இல்ல. இவ எதையும் மறைக்கல. எங்க ஊரு வெயிலு செஞ்ச வேல அது. நான்தான் யோசிக்காம வாய விட்டுட்டேன். இனிமே இந்தக் குழுவுல யாரு சமையல் சொன்னாலும், மேல எத்தன நாளு, கீழ எத்தன நாளுன்னு ரெண்டும் சொல்லணும்."

எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. இருந்தது என்ன, ஜெயித்தேன். குழாயை மூடாமல் விட்டதில் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. அன்று மாலை மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு படம் போட்டேன். டம்ளரில் தேத்தண்ணி, முழுக்க ஆவி. முதல் ஆளாக அண்ணி, "அழகா இருக்கு லா" என்று எழுதினார். என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே எழுதினார்.

கல்யாணத்துக்கு அண்ணி மறுபடியும் அதே ஊறுகாயைப் போட்டார். இரண்டு நாள் வெளியே, பிறகு பிரிட்ஜ். இந்தத் தடவை நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா, மறுபடியும் வெள்ளைச் சட்டைதான், போத்தலைக் கை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு திறந்தார். ஒரு சத்தமும் இல்லை. ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார், இன்னொன்று எடுத்தார். பக்கத்திலிருந்த அவர் மனைவி அண்ணியைப் பார்த்து, "இது எப்படிச் செஞ்சீங்க, சொல்லுங்களேன்" என்றார்.

அண்ணி மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி என்னைக் கைகாட்டினார்.

"எங்க தம்பி பொண்டாட்டியக் கேளுங்க. அவ ஒண்ணும் மறைக்க மாட்டா."