மல்லிகாவை மரத்திலிருந்து இறக்கியவர்கள்

மார்ச் மாதம், இரண்டாவது வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் பிடித்துவிட்டு, மலைமேல் புதூர்நாட்டில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்குக் கிளம்பினேன். அன்றுதான் என் படக்கதைப் புத்தகம் அச்சாகி, பள்ளிக்கு ஜீப்பில் வந்து இறங்கியது.

எங்கள் மலையில் புளியமரம் ஏறி உலுக்குவது ஆண்கள், கீழே பொறுக்குவது பெண்கள். அண்ணன் தம்பி இல்லாத என் மாணவி மல்லிகா தானே ஏறி உலுக்குவாள். அவள் கதையைத்தான் எழுதியிருந்தேன். படம் வரைந்தவள் என் கல்லூரித் தோழி. அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து மல்லிகா ஏறுவதைப் பார்த்து வரைந்தவள்.

புத்தகத்தைப் பிரித்தேன். மரத்தின் மேல் ஒரு பையன் இருந்தான். மல்லிகா கீழே கூடையுடன் நின்றாள். என் வரிகளையும் பதிப்பகத்தார் அதற்கேற்ப மாற்றியிருந்தார்கள்.

தோழிக்குப் போன் செய்தேன். “பொண்ணு மரமேறினா விக்காதுன்னாங்க. நீ ஒத்துக்க மாட்டேன்னுதான் சொல்லல,” என்றாள்.

வகுப்பில் புத்தகத்தைப் பார்த்த மல்லிகாவின் பக்கத்துப் பெஞ்சுக்காரி, “உன்ன எறக்கி வுட்டுட்டாங்கடி,” என்று சிரித்தாள். மல்லிகா என்னைப் பார்த்தாள்.

“இன்னா டீச்சர், நான் ஏறுனத நீங்க பாத்தீங்க இல்ல?”

தோழி ஏமாற்றியது என்னை. ஆனால் மல்லிகா நம்பியிருந்தது தோழியை அல்ல.

மறுநாள் காலை, தண்ணீர் பிடிக்கக்கூடப் போகாமல், தோழி அன்று மரத்தடியில் வரைந்து கொடுத்த பென்சில் படத்தைத் தேடி எடுத்து புத்தகத்தில் அந்தப் பையன் இருந்த பக்கத்தின் மேல் ஒட்டினேன்.